தொட்டிலும் பிள்ளைத்தமிழும்

இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் வளத்தை எடுத்துரைப்போர், சிற்றிலக்கிய வகைகளை வரிசைப்படுத்தும்போது பிள்ளைத்தமிழைத் தவறாமல் குறிப்பிடுகின்றனர். நபிகள் நாயகம் பிள்ளைத்தமிழ், முகியித்தீன் ஆண்டகை பிள்ளைத்தமிழ், நாகூர்ப் பிள்ளைத்தமிழ், பாத்திமா நாயகி பிள்ளைத்தமிழ் எனப் பெயர்கள் அடுக்கப்பெறுகின்றன. 1973-இல் திருச்சிராப்பள்ளியில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடிய பின்னர் இவ்வகை நூல்களைப் பற்றிய பேச்சு பெருகிற்று. 1997-இல் பிள்ளைத்தமிழ் குறித்து ஆங்கிலத்தில் நூலொன்று வெளியிட்ட பௌலா ரிச்மன் என்னும் அறிஞரும் நபிகள் நாயகம் பிள்ளைத்தமிழுக்கு அதில் தனியிடம் அளித்திருக்கிறார். இவையெல்லாம் மகிழ்ச்சிக்குரியவையே.

ஆனால் இந்நூல்களைப் பற்றி நம்மவர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகையின. பருவங்கள் பத்தும் முறையாக அமைந்துள்ளனவா? காப்புப் பருவத்தில் யார் யார் அழைக்கப்பெறுகின்றனர்? அரபுச் சொற்கள் எத்தனை, அவை யாப்பில் எவ்வாறு பொருந்தின? இவை வேண்டாத கேள்விகள் அல்ல. எனினும், ஒரு பக்கம் தொட்டில் ஆட, மறுபக்கம் நடை பழகும் பிள்ளை அரிசிப் பானையைக் கவிழ்க்க, அப்படிப்பட்ட வீட்டில் அமர்ந்து இந்நூல்களைப் படிப்பவருக்கு வேறொரு கேள்வி எழும். இப்பாடல்களில் வரும் பிள்ளை எந்த வீட்டில் வளர்கிறது? அது அழுகிறதா? இரவில் விழிக்கிறதா? அதைத் தூக்கிச் சுமந்து தோள் வலிக்கிறவர் யாரேனும் உண்டா?

இக்கேள்வி புலவர்களுக்கு அநீதி இழைப்பதாகச் சிலர் கருதலாம். பிள்ளைத்தமிழ் என்பது தலைவனைப் பிள்ளையாகப் பாவித்துப் புகழும் வகை. அதில் வீட்டு நடப்பைத் தேடுவது முறையா என்பர். அவர்களுக்கு விடை அவ்வகையின் பிறப்பிலேயே இருக்கிறது. செங்கீரைப் பருவம் என்பது என்ன? ஒரு காலை மடக்கி, மற்றொரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலையை நிமிர்த்திப் பிள்ளை அசையும் நிலை. இதனை ஏட்டில் படித்து எவரும் வகுத்திருக்க இயலாது. ஐந்து மாதப் பிள்ளையைத் தரையில் விட்டு, அருகில் அமர்ந்து, நெடுநேரம் பார்த்தவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும். கைகொட்டும் சப்பாணியும், தளர்நடையிட்டு வரும் வாரானையும் அவ்வாறு கண்ணால் கண்டு வகுத்தவையே. மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் பருவங்களை நிறுத்தும் பாட்டியல் கணக்கு ஒன்றுண்டு. அது பிள்ளையின் உடல் வளர்ச்சியை ஒட்டிய கணக்கு. இலக்கணம் பின்னால் வந்தது.

பழந்தமிழில் இதற்கு வேர் ஆழமானது. புறநானூற்றின் 188-ஆம் பாடல், பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது. செல்வம் பல படைத்த அரசன் வீட்டிலும் உணவு வேளையில் குறுநடை நடந்து வந்து, கைநீட்டி, கலத்தில் இருப்பதைத் தொட்டும் கவ்வியும் துழாவியும், நெய்யிட்ட சோற்றை மேனியெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளை அதில் இருக்கிறது. அரசனுடைய கலமும் கலைகிறது. வள்ளுவரும் மக்கட்பேறு அதிகாரத்தில் பிள்ளையின் சிறுகை அளைந்த கூழை மறக்கவில்லை. பெரியாழ்வார் யசோதையின் குரலை ஏற்றுப் பாடியபோது நீராட்டுவதும் காது குத்துவதும் குழல் வாருவதும் பாடலுக்குள் வந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் சோழ மன்னன் மீது பிள்ளைத்தமிழ் பாடிய காலை, அந்த வீடு அரண்மனையாயிற்று. பிள்ளையின் காலடியில் பகைவர் முடிகள் வந்து விழலாயின. நம் புலவர்கள் கைக்கொண்டது இந்த இரண்டாம் மரபை என்பதே என் கருத்து.

முத்தப் பருவத்தை எடுத்துக்கொள்வோம். பிள்ளையிடம் முத்தம் தரும்படி வேண்டும் பருவம் இது. தமிழில் முத்தம் என்னும் சொல் முத்தையும் குறிப்பதால், மூங்கிலில் பிறந்த முத்து, கரும்பில் பிறந்த முத்து, யானைக் கோட்டில் பிறந்த முத்து, சங்கில் பிறந்த முத்து என அடுக்கி, அவற்றுக்கெல்லாம் விலையுண்டு, உன் வாய்முத்தத்திற்கு விலையில்லை என்று முடிப்பது புலவர் வழக்கம். சிலேடை இனியது, ஓசையும் சிறப்பானது. ஆயினும் பட்டியல் முடிவதற்குள் பிள்ளையின் வாய் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. பால்மணமும் எச்சிலும் உள்ள அந்த வாயை முத்து வணிகர் கூட்டம் மறைத்துக்கொள்கிறது. பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று அக்ரஃ இப்னு ஹாபிஸ் சொன்னதும், இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்னும் கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மறுமொழி கூறியதும் புகாரியில் அபூஹுரைரா (ரலி) வாயிலாக வந்துள்ளன. ஹஸன் (ரலி) அவர்களை முத்தமிட்ட வேளையில் நடந்த உரையாடல் அது. முத்தப் பருவம் பாடுவோர்க்கு இதைவிடச் சிறந்த கரு வேறென்ன வேண்டும்?

அம்புலிப் பருவத்தில் நம்மவர் வென்றிருக்கின்றனர் என்பதையும் சொல்ல வேண்டும். நிலவைப் பிள்ளையோடு விளையாட வருமாறு அழைத்து, வாராவிடில் அச்சுறுத்துவது மரபு. நாயகத்தைப் பாடுவோர்க்குச் சந்திரன் பிளந்த வரலாறு கையில் இருக்கிறது. ஆகவே அந்த அச்சுறுத்தல் வெற்று அலங்காரமாக நிற்பதில்லை. தாலப் பருவப் பாடல்களை இராகமிட்டுப் பாடக் கேட்டவர்கள் அவற்றின் அசைவையும் மறக்கமாட்டார்கள். குறை திறமையில் இல்லை. பார்வை சென்ற திசையில் இருக்கிறது. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அலிமா முலையூட்டுப் படலம் என ஒரு படலமே அமைத்தார். அரபு நாட்டைத் தமிழ் வயலும் சோலையுமாக வரைந்த அக்காப்பியம், செவிலித் தாயின் மடியையும் தன்னுள் கொண்டது. அந்த மடியை அவர் பின்வந்தோர் விரித்துப் பாடியிருக்கலாம்.

இனி, நாம் தேடும் வீடு எங்கே இருக்கிறது? நபிமொழித் தொகுப்புகளில் இருக்கிறது. அதை நாம் இலக்கியமாகப் படிப்பதில்லை, அவ்வளவே.

ஜைனப் (ரலி) அவர்களின் மகள் உமாமாவைத் தோளில் சுமந்தபடி அண்ணலார் தொழுததை அபூகதாதா (ரலி) அறிவிக்கிறார்கள். குனியும்போது இறக்கிவிடுவதும், எழும்போது மீண்டும் தூக்கிக்கொள்வதுமாக அத்தொழுகை நடந்தது; மக்களுக்கு இமாமாக நின்ற தொழுகை அது என்பதும் முஸ்லிமின் அறிவிப்பில் உண்டு. பின்வந்த சட்ட அறிஞர் சிலருக்கு இது இடராயிற்று. உபரித் தொழுகையில் நடந்திருக்கும் என்றனர். பின்னர் மாற்றப்பட்டிருக்கும் என்றனர். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாத நெருக்கடியாக இருக்கும் என்றும் சொல்லிப் பார்த்தனர். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில் இவற்றுக்கெல்லாம் சான்றில்லை என்று தள்ளிவிட்டு, இது ஆகுமான செயலே என நிலைநாட்டினார்கள். ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் கடற்கரை ஊர்களில் நவவி இமாமின் பெயர் அறியாதார் இல்லை. அவ்வூர்ப் பள்ளிவாசல்களிலும் ஒரு பிள்ளை சிணுங்கினால் எத்தனை தலைகள் திரும்புகின்றன என்பதையும் நாம் அறிவோம்.

மற்றொரு செய்தி ஷத்தாத் (ரலி) வாயிலாக நஸாயீயில் வருகிறது. ஸஜ்தா நீண்டுகொண்டே போகிறது. தோழர்கள் ஏதோ நேர்ந்துவிட்டதென்றோ, வஹீ இறங்குகிறதென்றோ எண்ணுகின்றனர். முடிவில் காரணம் தெரிகிறது: பேரப்பிள்ளை முதுகில் ஏறியிருந்தது, அதன் ஆசை தீருமுன் இறக்கிவிட அண்ணலாருக்கு மனமில்லை. கதை சொல்லும் முறையைக் கவனியுங்கள். கேட்போர் பெரியதொன்றை எதிர்பார்க்கும்படி விட்டு, பிறகு ஒரு சிறுபிள்ளையைக் காட்டுவது. ஆக்கியோன் எவரும் இதைத் திட்டமிட்டு அமைக்கவில்லை. நடந்தது நடந்தபடி சொல்லப்பட்டது.

உம்மு கைஸ் (ரலி) அவர்கள் இன்னும் சோறுண்ணத் தொடங்காத மகனை நாயகத்திடம் கொண்டுவந்ததும், மடியில் அமர்ந்த பிள்ளை ஆடையில் சிறுநீர் கழித்ததும், அண்ணலார் தண்ணீர் வருவித்துத் தெளித்துவிட்டதும் மதரஸாவில் ஓதிய ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனால் அதைத் துப்புரவுப் பாடத்தில் ஒரு மஸ்அலாவாகவே ஓதினோம். பால்மட்டும் குடிக்கும் ஆண்பிள்ளையாயின் தெளித்தால் போதும், இல்லையேல் கழுவ வேண்டும் என்று மனனம் செய்து, தேர்விலும் எழுதினோம். அந்தத் தாயின் முகம் அப்போது எப்படிச் சிவந்திருக்கும், தண்ணீர் வரும்வரை அந்த அறையில் என்ன பேச்சு நடந்திருக்கும் என எந்த உஸ்தாதும் கேட்டதில்லை, மாணவரும் கேட்டதில்லை. சட்டம் கிடைத்ததும் வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டோம்.

இவ்வகைச் செய்திகள் அற்பமானவை என்னும் குற்றச்சாட்டு பழையது. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைர் ஒரு சிறு குருவி வளர்த்தார். அண்ணலார் அவ்வீட்டிற்கு வரும்போதெல்லாம் அந்தக் குருவி என்னவாயிற்று என்று அவரிடம் வினவுவார்கள். குருவி இறந்து பிள்ளை வாடியிருந்தபோது கேட்டதாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. பயனற்றதையெல்லாம் அறிவிக்கிறார்கள் என்று ஹதீஸ் அறிஞர்களைப் பழித்த சிலர், இச்செய்தியையே எடுத்துக்காட்டினர். அதற்கு விடையாக ஹிஜ்ரி 335-இல் மறைந்த ஷாபிஈ அறிஞர் இப்னுல் காஸ் ஒரு சிறுநூல் எழுதி, இந்த ஒரு செய்தியிலிருந்து மட்டும் அறுபது பயன்களை எடுத்துக்காட்டினார். இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களும் தம் புகாரி விரிவுரையில் அதனைச் சுருக்கித் தந்துள்ளார்கள்.

அறுபதோடு அறுபத்தொன்றாக இலக்கியம் கற்றோர் ஒன்றைச் சேர்க்கலாம். உமைர் என்பதும், குருவிக்கு வழங்கிய நுகைர் என்பதும் ஸர்ஃபு இலக்கணத்தில் தஸ்கீர் எனப்படும் சிறுமைவடிவச் சொற்கள். இரண்டையும் ஒரே ஓசையில் முடியவைத்து அண்ணலார் கேட்டிருக்கிறார்கள். பெரியவர் ஒருவர் பிள்ளையோடு பேசும்போது தம்மையறியாமல் ஓசை சேர்த்துப் பேசுவதை நாம் வீடுதோறும் கேட்கிறோம். அது மட்டுமா? பால்மணம் மாறாத பிள்ளையை உமைரின் தந்தை என்று பொருள்படும் பெயரால் அழைப்பதிலுள்ள குறும்பு நமக்கு அந்நியமானதன்று. தவழும் மகனை வாப்பா வாங்க, அத்தா வாங்க என்று கூப்பிடாத தாய் நம்மிடையே யார்? அரபியில் அப்பேச்சை ஆயிரத்து நானூறு ஆண்டுகள் காத்து வைத்திருக்கின்றனர். தமிழில் நம் வீட்டுப் பேச்சை நாம் காத்து வைத்தோமா?

இங்கேதான் பிள்ளைத்தமிழின் குறைக்குக் காரணமும் வெளிப்படுகிறது. ஹதீஸ் கலையில் செய்தியைவிட முன்னதாகக் கேட்கப்படுவது, இதைச் சொன்னவர் யார், அவர் அங்கே இருந்தாரா என்பதே. வீட்டில் நாயகம் என்ன செய்வார்கள் என்று அஸ்வத் என்பார் அறிய விரும்பியபோது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைக் கேட்டார். குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்பதே அவர்கள் தந்த விடையின் சாரம். உடனிருந்தவரின் சொல் அது. ஆகவே ஒப்பனை இல்லை. பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்களின் குரலோ தாய்க்குரல், உடல் ஆணுடல். வணிகத்தின் பொருட்டு இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்று ஆண்டுக்கணக்கில் தங்கிய ஆடவர் மிகுந்த சமுதாயம் நம்முடையது. பின்னாளில் வளைகுடா நாடுகள் அந்த இடத்தைப் பிடித்தன. பிள்ளையின் முதல் நடையைத் தந்தை கடிதத்தில் அறிந்த வீடுகள் எத்தனை! அத்தகைய சூழலில் செங்கீரையைக் கண்ணால் கண்டவர்கள் உம்மாவும் பெத்தும்மாவும் ராத்தாவுமே.

அவர்கள் பாடவும் செய்தனர். கலிமாவையே தொட்டில் ஓசையாக்கி, அதனிடையே பிள்ளையின் பெயரையும் பாட்டனார் பெயரையும் மாமன் தரப்போகும் சீரையும் கோத்துப் பாடும் தாலாட்டுகள் நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கின. பிள்ளைத்தமிழில் காணாத வீடு அங்கே இருந்தது. யார் வந்தார், யார் வரவில்லை, யார் அடித்து இப்பிள்ளை அழுகிறது என்னும் வினாக்களெல்லாம் அங்கே உண்டு. ஆனால் பிள்ளைத்தமிழுக்கு ஏடும் அச்சும் கிடைத்தன. ஆசிரியர் பெயரும் நின்றது. தாலாட்டுக்கு இஸ்னாது இல்லை. தொகுத்தோர் சிலரும் பாடலை எழுதிக்கொண்டு, பாடிய மூதாட்டியின் பெயரை விட்டுவிட்டனர். நாட்டார் பாடல் என்று ஒரு பொதுப்பெயர் சூட்டினர். அறிவிப்பாளர் பெயரின்றி ஒரு செய்தியையும் ஏற்காத மரபில் வந்த நாம் இதைச் செய்திருக்க வேண்டியதில்லை.

இக்காலத்துக் குழந்தை வளர்ப்பு நூல்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அவற்றில் பிள்ளைக்குப் பெயர் சூட்டுவது, அகீகா கொடுப்பது, ஏழு வயதில் தொழ ஏவுவது ஆகிய கடமைகள் முறையாக உள்ளன. பிள்ளை மட்டும் இல்லை. பெரும்பாலான நூல்களில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் கண்டிப்புக்குச் சாட்சியாக மட்டுமே அழைக்கப்படுகிறார்கள். இஹ்யாவில் அதே பகுதியில், ஓதி முடித்த பிள்ளையை நன்றாக விளையாட விட வேண்டும், விளையாட்டைத் தடுத்து ஓயாமல் பாடத்தில் அழுத்தினால் உள்ளம் செத்து அறிவு மழுங்கும் என்னும் கருத்தில் அவர்கள் எழுதியிருப்பது ஏனோ எடுத்தாளப்படுவதில்லை. அந்தியில் ஓத வரும் பிள்ளைகளின் முகத்தை அன்றாடம் பார்க்கும் எனக்கு அப்பகுதி நினைவுக்கு வராத நாளில்லை. காலையில் பள்ளிக்கூடம், மாலையில் தனிப்பாடம், அதன்பின் ஓதல் என்று வரும் ஆறு வயதுப் பிள்ளை குர்ஆனின் மேல் தலைசாய்த்து உறங்குகிறது.

நாவலாசிரியர்கள் வீட்டிற்குள் நுழைந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. 2004-இல் வெளிவந்த சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ ராபியா என்னும் சிறுமியை நடுவே நிறுத்திப் பெண்களின் வீட்டைத் திறந்து காட்டியது. அதில் சொல்லப்பட்டவை பற்றி நம்மவரிடையே மாறுபாடு உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் அவ்வீட்டில் வசித்தவரின் சொல் அது என்பதை அதன் ஒவ்வொரு பக்கமும் காட்டுகிறது. இருப்பினும் ராபியா பேசவும் எண்ணவும் கற்றுவிட்டவள். பேச்சு வாராத பிள்ளையின் வீட்டை எழுத ஒருவரும் முன்வரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பேச்சு வந்த பிள்ளை எத்தனை வயதில் சாட்சியாகும் என்னும் வினாவை ஹதீஸ் கலை எழுப்பியிருக்கிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும். மஹ்மூத் இப்னு ரபீஉ (ரலி) ஐந்து வயதினராக இருந்தபோது, அண்ணலார் வாளி நீரை வாயில் கொண்டு விளையாட்டாக அவர் முகத்தில் உமிழ்ந்தார்கள். பிற்காலத்தில் அவரே அதை நினைவுகூர்ந்து அறிவித்தார். பிள்ளை கேட்டதும் கண்டதும் எந்த வயது முதல் ஏற்கத்தக்கது என ஆராய்ந்த அறிஞர்களில் பலர், இச்செய்தியைக் கொண்டே ஐந்து வயது என வரையறுத்தனர். நீர் தெளித்து விளையாடிய ஒரு நொடி ஒரு கலையின் விதிக்கு அடிப்படையாயிற்று.

உம்மு காலித் (ரலி) அவர்களின் செய்தி இதனினும் அழகியது. ஹிஜ்ரத் சென்ற பெற்றோருக்கு அபிசீனியாவில் பிறந்து, அங்கிருந்து திரும்பிய சிறுமி அவர். தந்தையோடு நாயகத்தைக் காண வந்தபோது அணிந்திருந்தது மஞ்சள் நிறச் சட்டை என்பது முதற்கொண்டு அவரே அறிவிக்கிறார். சட்டையைக் கண்ட அண்ணலார் அழகு என்று சொன்னார்கள். அரபியில் அன்று, அச்சிறுமி பிறந்த நாட்டு மொழியில். நெருக்கம் கண்ட பிள்ளை பின்புறம் சென்று, தோள்களிடையே இருந்த நபித்துவ முத்திரையைத் தொட்டு விளையாடத் தொடங்கிற்று. தந்தை அதட்டினார். விட்டுவிடும்படி நாயகம் சொன்னார்கள். அந்தச் சிறுமி நீண்ட காலம் வாழ்ந்தார் என்று ஹதீஸ் நூல்கள் குறிக்கின்றன. முதுமையிலும் அவருக்குச் சட்டையின் நிறம் மறக்கவில்லை.

புகாரியில் இருக்கும் இச்சில வரிகளுக்கு ஈடாக ஒரு வாரானைப் பருவப் பாடலையேனும் நம் பிள்ளைத்தமிழ்களுள் தேடிப் பார்த்தேன். நூறு பாடல்களின் ஓசையும் அணியும் ஒருபுறம் இருக்க, மஞ்சள் சட்டை அணிந்த பிள்ளை எதிலும் வரவில்லை.